லேசர் லெவல் வச்சு டைல்ஸ் ஒட்டுறீங்களா, மொதல்ல லாக்க எடுங்க

திருநகர்ல எங்க வீட்டு ஹாலுக்கு டைல்ஸ் போடுறப்ப, சுவர்ல மட்டக் கோடு அடிக்கிற புது லேசர் மெசின் வந்த ஜோர்ல கொத்தனார் அண்ணே நூலையெல்லாம் சுருட்டி பையில போட்டுட்டாரு, ரெண்டு வரிசை ஒட்டிட்டு பாத்தா ஜன்னல் பக்கம் ஏறிக் கெடக்கு. என்னடான்னா லாக்க எடுக்காமலே ஓட்டிருக்கோம். கோடு விட்டு விட்டு மின்னிக்கிட்டேதான் இருந்துச்சு, நாங்கதான் பேட்டரி போச்சுன்னு நெனச்சுட்டோம்.

உள்ள தூக்குக்குண்டு மாதிரி ஒரு பெண்டுலம் தொங்குது, அதை ஆடவிடாம பிடிச்சு வைக்கிறதுதான் லாக், அதை எடுத்தா பெண்டுலம் தானா ஆடி மட்டத்துக்கு வந்து நிக்கும், ஆனா மெசினை 3, 4 டிகிரிக்கு மேல சாய்ச்சு வச்சா அதால முடியாது. தூக்கிட்டுப் போறப்ப மறுபடி லாக் போட்டுருங்க.

புது மெசின்னாலும் ஒருதடவை சோதிங்க. 5 மீட்டர் இடைவெளில எதிரெதிரா ரெண்டு சுவர் பாத்து, ஒண்ணு பக்கத்துல மெசினை வச்சு ரெண்டு சுவர்லயும் கோடு விழுற எடத்துல பென்சில் மார்க் போடுங்க. அப்புறம் மெசினை அங்கிட்டு இருக்குற சுவர் பக்கம் கொண்டுபோய், அந்தச் சுவர் மார்க்குல கோடு விழுற மாதிரி உயரம் வச்சு, இங்கிட்டுத் திருப்புங்க. பழைய மார்க்குக்கும் இதுக்கும் 3 மிமீக்கு மேல வித்தியாசம் வந்தா நான் அந்த மெசினை நம்பமாட்டேன்.

தரைக்கு நாங்க பண்றது இதான். மெசினை ஸ்டாண்டுல ஒரு அடி உயரத்துல ஓரமா வச்சுருவோம், வாசப்படி மட்டம் பாத்து மொத டைலை ஒட்டி, அது மேல ஒரு ரீப்பர் குச்சியை நிறுத்தி கோடு விழுற எடத்துல கீறிக்குவோம். அப்புறம் ஒவ்வொரு டைலுக்கும் நாலு மூலையிலயும் அதே குச்சிதான். கோடு கீறலுக்குக் கீழ விழுந்தா டைல் ஏறிருக்கு, ரப்பர் சுத்தியல்ல தட்டுங்க, மேல விழுந்தா பேத்து கலவை போடணும், வேற வழியில்ல. கோடே 2, 3 மிமீ தடிமன் இருக்கும்ல, அதனால அதோட மேல் ஓரத்தை மட்டும் பாருங்க, ஒருதடவை மேல ஒருதடவை கீழன்னு பாத்தா அதுலயே தப்பு வந்துரும். மெசினை நகட்டிட்டா குச்சியில புதுசா கீறணும்.

மூலைமட்டத்துக்கு 3, 4, 5 அடி கணக்கையே (ஒரு பக்கம் 3, இன்னொரு பக்கம் 4 அளந்தா குறுக்க 5 வரணும்) போட்டுப் பாருங்க, பழைய வீட்டுச் சுவரை நம்பி ஆரம்பிச்சா கடைசில ஒரு பக்கம் பட்டையா வெட்டவேண்டி வரும்.

நம்மூரு மதிய வெயில்ல செவப்புக் கோடு கண்ணுக்கே தெரியாது, பச்சை கொஞ்சம் பரவாயில்ல, ஜன்னல்ல ஒரு சாக்கைத் தொங்கவிட்டா போதும். மெசின்ல இருந்து வர்ற வெளிச்சத்தை நேரா பாக்காதீங்க, சின்னப்புள்ளைங்கள பக்கத்துல விடாதீங்க.

பாத்ரூம்ல உஷார், லேசர் மட்டம்தான் காட்டும், தண்ணி ஓடுற வாட்டம் காட்டாது. தண்ணி போற குழிப் பக்கம் அடிக்கு 3 மிமீ எறக்கி, அந்த அளவுக்கு குச்சியில தனியா கீறிக்கங்க. கலவை எறுகுறதுக்குள்ள கையில கொஞ்சம் தண்ணி அள்ளி டைல் மேல விட்டுப் பாருங்க, கதவுப் பக்கம் ஓடி வந்தா அப்பவே எடுத்துரலாம், மறுநாள் காலையிலன்னா உளிதான்.