நர்சரியில் முதல் நாள்: பிள்ளையை விட்டுவருவது எப்படி?

முதல் முறையாகப் பிள்ளையை நர்சரியில் விடப்போகிறவர்களுக்காக இது. அழாமல் போக வைக்க வழி தேடி வந்திருந்தால், அது என்னிடம் இல்லை. முதல் நாள் அழுகை வரட்டும், பரவாயில்லை. போன ஆள் சொன்னபடி திரும்பி வருவார் என்று பிள்ளை நம்பினால் போதும். கீழே இருப்பதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

பிரிவுப் பயம் பெரும்பாலான குழந்தைகளுக்கு 8-வது மாத வாக்கில் தலைகாட்டும். 10 முதல் 18 மாதத்துக்குள் உச்சத்துக்குப் போய், 3 வயதை ஒட்டித் தணியும். நர்சரி வயதில் அதன் மிச்சம் இருக்கத்தான் செய்யும். வளர்ப்பு சரியில்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

படி 1: தூக்கத்தைச் சரிசெய்யுங்கள்

இரண்டு வாரம் முன்பே தொடங்கலாம். பகல் தூக்கத்தையும் சேர்த்து, 1-2 வயதுக் குழந்தைக்கு 11 முதல் 14 மணி நேரமும் 3-5 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரமும் தேவை. காலையில் எழ வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னதாகப் படுக்க வையுங்கள்.

படி 2: டப்பாவைத் திறக்கப் பழக்குங்கள்

அ, ஆ தெரியாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. சாப்பாட்டு டப்பா திறக்கத் தெரியாவிட்டால் பசியோடு உட்கார்ந்திருக்கும். நாம் ஆசையாக வாங்கும் நாலு பக்கக் கிளிப் டப்பாவைப் பிள்ளை கையில் கொடுத்துப் பாருங்கள்: கட்டைவிரல் நகம் வெளுக்க அழுத்தும், கிளிப் அசையாது, கடைசியில் டப்பாவை நம்மிடமே நீட்டும். எளிதாகத் திறக்கும் மூடியாக வாங்கி, வீட்டிலும் கொஞ்ச நாள் அதிலேயே சாப்பிட வையுங்கள். பொத்தான் இல்லாத எலாஸ்டிக் கால்சட்டை, ஒட்டும் பட்டை வைத்த ஷூ, அவ்வளவுதான் உடுப்பு.

படி 3: இடத்தைக் காட்டுங்கள்

முன்கூட்டியே ஒருமுறை கூட்டிப்போய் வகுப்பு, கழிப்பறை, டீச்சர் மூன்றையும் காட்டிவிடுங்கள். ஜெர்மனியில் பரவலாக இருக்கும் 'பெர்லின் முறை'யில், முதல் 3 நாளும் பெற்றோரில் ஒருவர் கூடவே உட்கார்ந்திருப்பார், பிரிவே கிடையாது. 4-வது நாள்தான் சிறிது நேரம், அதிகபட்சம் அரை மணி, வெளியே போய்ப் பார்ப்பார். உங்கள் நர்சரியில் அப்படி இருக்க விடுவார்களா என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

படி 4: பையை முந்தைய இரவே கட்டுங்கள்

மாற்றுத் துணி இரண்டு செட், தண்ணீர் பாட்டில், எல்லாவற்றிலும் பெயர். திராட்சை கொடுத்தனுப்பினால் நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். முழுதாக இருந்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கட்டிக்கொண்டு தூங்கும் பழைய துணியோ பொம்மையோ இருந்தால், அனுமதி கேட்டு அதையும் வையுங்கள். குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்டு வினிகாட் 1953-ல் வெளியான கட்டுரையில் இத்தகைய பொருள்களைப் பற்றித்தான் எழுதினார்: தாயை விட்டு விலகப் பழகும் குழந்தைக்கு அது இடைக்காலத் துணை. பள்ளிக்குப் போகிறதே என்று துவைத்துவிடாதீர்கள். அந்த வாசனைக்காகத்தான் பிள்ளை அதைத் தேடும்.

படி 5: வாசலில் விடைபெறுங்கள்

எல்லாப் பாடும் இங்கேதான். பிள்ளை விளையாட்டில் மூழ்கியதும் நைசாக நழுவிவிடலாம் என்று தோன்றும், கூட வந்தவர்களும் அதையே சொல்வார்கள். செய்யாதீர்கள். திரும்பிப் பார்த்து ஆள் இல்லை என்றால், அடுத்த நாளிலிருந்து கண்ணை எடுக்காமல் உங்கள் துணியைப் பிடித்துக்கொண்டே நிற்கும்.

குனிந்து, கண்ணைப் பார்த்து, ஒரு முத்தம். பிறகு, "சாப்பிட்டு முடிச்சு, பாட்டுப் பாடினதும் அம்மா வந்துடுவேன்." மணிக்கணக்கு அதற்குப் புரியாது, எதற்கு அப்புறம் எது என்பது புரியும். பிள்ளையை டீச்சர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். காலரைப் பிடித்த விரல்களைப் பிரிக்கும்போது மனசு கேட்காதுதான். அதற்காக மறுபடி தூக்கிச் சமாதானம் செய்தால், இன்னும் சத்தமாக அழுதால் அம்மா நிற்பாள் என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும். ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பதும் வேண்டாம். கொஞ்ச நேரம் கழித்து டீச்சருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

படி 6: சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள்

முதல் வாரம் தாமதமே கூடாது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை உங்களைக் கண்டதும் ஓவென்று அழலாம். அடக்கி வைத்தது அப்போதுதான் வெளியே வரும், பயப்பட வேண்டாம். "இன்னைக்கு என்ன படிச்சே?" என்று குடையாமல், தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஏதாவது சாப்பிடக் கொடுங்கள்.

இரண்டாம் நாள் முதல் நாளைவிட மோசமாக இருக்கலாம், எங்கே போகிறோம் என்று இப்போது தெரியுமே! விடுமுறை முடிந்த மறுநாளும் அப்படித்தான். மூன்று நான்கு வாரம் ஆகியும் நீங்கள் போன பிறகு அழுகை ஓயவில்லை, சாப்பாடும் தூக்கமும் கெடுகிறது என்றால், டீச்சரோடு உட்கார்ந்து பேசுங்கள். குழந்தை மருத்துவரிடமும் சொல்லுங்கள்.