ஆவர்த்தன அட்டவணையை மனப்பாடம் செய்யாமல் படிப்பது எப்படி?

118 தனிமங்களின் பெயரையும் வரிசையாக ஒப்பிக்கச் சொன்னால் யாருக்கும் வேதியியல் கசக்கத்தான் செய்யும். அதற்குத் தேவையே இல்லை. முதல் 20 தனிமங்களைப் பொறுத்தவரை, அணு எண் தெரிந்தால் போதும். அந்தத் தனிமம் அட்டவணையில் எந்த இடத்தில் வரும் என்று நாமே கண்டுபிடித்துவிடலாம். தாள், பென்சில், ஓர் ஆவர்த்தன அட்டவணை, இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சோடியத்தை வைத்துச் செய்து பார்ப்போம்.

படி 1: கட்டத்தில் உள்ள எண்கள்

சோடியத்தின் கட்டத்தில் 11, 22.99 என்று இரண்டு எண்கள் இருக்கும். 11 என்பது அணு எண், அதாவது உட்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. தனிமத்தின் அடையாளமே இதுதான்: ஒரு புரோட்டான் கூடினால் மெக்னீசியம், ஒன்று குறைந்தால் நியான். புரோட்டானுக்கு நேர் மின்சுமை, எலக்ட்ரானுக்கு எதிர் மின்சுமை. அணுவுக்கு மொத்தத்தில் மின்சுமை கிடையாது என்பதால் எலக்ட்ரான்களும் 11.

22.99 என்பது அணு நிறை. சோடியத்தில் இது ஏறக்குறைய புரோட்டான்களும், உட்கருவில் உள்ள மின்சுமையற்ற நியூட்ரான்களும் சேர்ந்த எண்ணிக்கை. அதை 23 என்று வைத்து 11-ஐக் கழித்தால் 12 நியூட்ரான்கள். இந்தக் கழித்தல் எல்லாத் தனிமங்களுக்கும் சரிவராது. குளோரினுக்கு 35.5 என்று இருக்கும், ஆனால் அரை நியூட்ரான் என்று ஒன்று இல்லை. இயற்கையில் கிடைக்கும் குளோரின் அணுக்களில் ஏறக்குறைய முக்கால் பங்கின் நிறை எண் (புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை) 35, கால் பங்கின் நிறை எண் 37. அவற்றின் சராசரிதான் 35.5.

படி 2: எலக்ட்ரான்களைக் கூடுகளில் நிரப்புதல்

உட்கருவைச் சுற்றியுள்ள முதல் கூட்டில் 2 எலக்ட்ரான்கள் கொள்ளும், இரண்டாவதில் 8. மூன்றாவதில் 18 வரை இடம் உண்டு. ஆனால் அதில் 8 சேர்ந்ததும் அடுத்த இரண்டு எலக்ட்ரான்கள் நான்காவது கூட்டுக்குப் போய்விடும். உள்ளிருந்து வெளியே நிரப்பினால் சோடியத்துக்கு 2, 8, 1 என்று வரும்.

படி 3: இடத்தைக் கண்டுபிடித்தல்

எத்தனை கூடுகளோ அதுவே வரிசை எண். சோடியத்துக்கு மூன்று கூடுகள், அதனால் மூன்றாவது வரிசை. கடைசிக் கூட்டில் 1 அல்லது 2 எலக்ட்ரான் இருந்தால் அதுவே தொகுதி எண் (தொகுதி என்பது அட்டவணையில் மேலிருந்து கீழாக வரும் நிரல்). 3 முதல் 8 வரை இருந்தால் 10-ஐக் கூட்டுங்கள். சோடியம் 1-ஆம் தொகுதி. குளோரின் 2, 8, 7 என்பதால் 17-ஆம் தொகுதி. ஹீலியம் மட்டும் விதிவிலக்கு. 2 எலக்ட்ரானிலேயே அதன் கூடு நிரம்பிவிடுவதால், எளிதில் வினைபுரியாத மந்த வாயுக்களோடு 18-ஆம் தொகுதியில் இருக்கிறது.

இப்போது சோடியத்தையும் குளோரினையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒன்றில் கடைசிக் கூட்டில் ஓர் எலக்ட்ரான் தனியாக நிற்கிறது, மற்றொன்றில் 8 ஆக ஓர் எலக்ட்ரான் குறைகிறது. சோடியம் கொடுக்க, குளோரின் வாங்கிக்கொள்ள, கிடைப்பது நாம் சாப்பிடும் உப்பு. தண்ணீரில் போட்டால் சீறிப் பாயும் உலோகமும் நச்சு வாயுவும் சேர்ந்து சமையல் உப்பு ஆகின்றன என்பது எனக்கு இன்றும் வியப்புதான்!

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் 1869-இல் தனிமங்களை அடுக்கும்போது அணு நிறையைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொண்டார். பின்னாளில் ஆர்கான் வந்து அதைச் சோதித்தது. ஆர்கானின் நிறை 39.95, பொட்டாசியத்தின் நிறை 39.10. நிறைப்படி அடுக்கினால் பொட்டாசியம் மந்த வாயுக்களுக்கு நடுவில் போய் நிற்கும். 1913-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி எக்ஸ் கதிர்களை வைத்து, அடுக்கவேண்டியது அணு எண்படிதான் என்று காட்டினார். ஆர்கான் 18, பொட்டாசியம் 19. பொட்டாசியத்தை நிரப்பினால் 2, 8, 8, 1. சரியாகச் சோடியத்துக்குக் கீழே வருகிறது. அதன் கடைசி எலக்ட்ரான் உட்கருவிலிருந்து இன்னும் தள்ளி இருப்பதால் எளிதாகப் பிரியும். தண்ணீரில் போட்டால் சோடியத்தைவிட வேகமாக வினைபுரிந்து தீப்பிடிக்கும்.

சரி, அடுத்து நீங்களே செய்யுங்கள். அணு எண் 12-ஐயும் 20-ஐயும் எடுத்து நிரப்பிப் பாருங்கள். இரண்டும் ஒரே தொகுதியில் வந்தால் கணக்கு சரி.