3 தலைமுறை வந்துவிட்டால் போதுமா? இழைக் கோட்பாட்டு மாடல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இழைக் கோட்பாட்டின் ஒரு வகையான டைப் 2ஏ-வில் டி6-பிரேன்கள் (இழைகளின் முனைகள் ஒட்டியிருக்கும் 6 பரிமாணப் பரப்புகள்) ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் கைரல் துகள்கள் (இடக்கை, வலக்கை வடிவங்கள் வெவ்வேறாக நடந்துகொள்பவை) பிறக்கின்றன. வெட்டு எண், அதாவது குறியோடு எண்ணிய வெட்டுகளின் எண்ணிக்கை, 3 என்றால் குவார்க், லெப்டான் துகள்களின் 3 தலைமுறை. அந்த 3 கிடைத்ததுமே அறிந்த அடிப்படைத் துகள்களை விளக்கும் ஸ்டாண்டர்ட் மாடல் கைக்கு வந்துவிட்டதாக நினைப்பதுதான் முதல் தவறு. 3 சுலபமாகவே கிடைக்கும். மற்ற நிபந்தனைகளோடு சேர்ந்து கிடைப்பதுதான் அரிது.

டேட்போல் நீக்கத்தை, அதாவது பிரேன்கள் சுமக்கும் மின்னூட்டங்களைச் சமன்செய்வதை, தள்ளிப்போடாதீர்கள். சுருண்டு மூடிய கூடுதல் பரிமாண வெளியில் புலக்கோடுகள் தப்பிப் போக இடமில்லை. மொத்த மின்னூட்டம் பூஜ்யமாகியே தீர வேண்டும். பிரேன்களின் மின்னூட்டத்தை, எதிர் மின்னூட்டம் கொண்ட ஓரியன்டிஃபோல்ட் தளங்கள் ஈடுகட்டுகின்றன. பலர் குவார்க், லெப்டானுக்கான பிரேன்களை மட்டும் எழுதிவிட்டு, மிச்சத்தை மறைவுப் பிரேன்கள் (நாம் அறிந்த துகள்களுக்காக அல்லாமல் கூடுதலாகச் சேர்ப்பவை) சரிசெய்யும் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த மறைவுப் பிரேன்களும் நம் பிரேன்களை வெட்டும், வேண்டாத கைரல் துகள்கள் வந்து சேரும். அவற்றையும் எழுதிக் கணக்கிட்ட பிறகுதான் அது மாடல்.

அனாமலி (கோட்பாட்டின் சமச்சீரைக் குவாண்டம் அளவில் குலைக்கும் முரண்) நீங்கினால் டேட்போலும் நீங்கியதாகக் கொள்வதும் தவறு. டேட்போல் நீங்கினால் எஸ்.யு(3) போன்ற, விசைகளை விவரிக்கும் சமச்சீர்க் குழுக்களின் அனாமலி தானே நீங்கும், மறுதலை உண்மையல்ல. எனக்கு மிகவும் பிடித்த விளைவு இங்கேதான் இருக்கிறது. வலுவற்ற விசை யு(2)-விலிருந்து வந்தால், இரட்டைகளும் (வலுவற்ற விசையில் ஜோடியாக வரும் துகள்கள்) எதிர் இரட்டைகளும் (யு(1) மின்னூட்டம் எதிராக உள்ள ஜோடிகள்) சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். சாதாரண எஸ்.யு(2)-வுக்கு இரண்டும் ஒன்றுதான், அதனால் இது கண்ணில் படாது. 2 குவார்க் தலைமுறைகளை இரட்டையாகவும் ஒன்றை எதிர் இரட்டையாகவும் வைத்தால், 3 நிறங்களோடு 6 கழித்தல் 3. மிஞ்சும் 3-ஐ எதிர் இரட்டைகளாக வரும் 3 லெப்டான்கள் சமன்செய்கின்றன. நிறங்களும் தலைமுறைகளும் ஒரே எண்ணாக இருப்பதற்கு இங்கே ஒரு காரணம் தெரிகிறது!

அப்புறம் ஹைப்பர்சார்ஜ், அதாவது ஃபோட்டான் உருவாகத் தேவையான யு(1). அனாமலி கொண்ட யு(1)-கள் கிரீன்–ஷ்வார்ஸ் முறையில் (வேறொரு புலத்தோடு இணைத்து அனாமலியை நீக்கும் வழி) நிறை பெறும் என்பது எல்லோருக்கும் தெரியும். அனாமலி இல்லாத யு(1)-ம் அதே இணைப்பால் நிறை பெறலாம் என்பது மறந்துபோகிறது. ஹைப்பர்சார்ஜுக்கு நிறை வந்தால் நிறையற்ற ஃபோட்டான் கிடையாது. அந்த இணைப்புக் கெழுக்களைத் தனியே சரிபாருங்கள்.

கே-கோட்பாட்டு மின்னூட்டங்கள் (ஒற்றையா இரட்டையா என்று மட்டுமே எண்ணப்படும் பிரேன் மின்னூட்டங்கள்) வழக்கமான டேட்போல் சமன்பாடுகளில் தெரியாது. எஸ்.யு(2) இரட்டைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் கோட்பாடு முரண்படும் என்று 1982-இல் இயற்பியலாளர் விட்டன் காட்டினார். எஸ்.யு(2) தரும் சோதனைப் பிரேன் ஒன்றைக் கணக்குக்காக வைத்து அதன் இரட்டைகளை எண்ணினால் இந்தப் பிழை பிடிபடும்.

மீச்சமச்சீர் (போசான்களையும் ஃபெர்மியான்களையும் இணைக்கும் சமச்சீர்) வேண்டுமானால் எல்லாப் பிரேன்களின் கோணங்களும், மறைவுப் பிரேன்கள் உட்பட, கூடுதல் பரிமாண வெளியின் ஒரே வடிவ அளவுருக்களில் பொருந்த வேண்டும். 2001-இல் ஸ்வெடிச், ஷியு, உராங்கா அதைச் சாதித்தார்கள். அங்கும் கூடுதல் கைரல் துகள்கள் மிஞ்சின.