பறித்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்

தோட்டத்தில் விளைந்ததைப் பறிக்கும் முன் வெறுங்கையைச் சற்று நேரம் மண்ணில் வைத்து நன்றி சொல்லுங்கள். நன்றி சொல்லும் அந்த நேரத்திலேயே ஈரமும் இறுக்கமும் கைக்குப் புலப்படும். மண் என்ன கேட்கிறது என்று தெரிந்துவிடும்.

அறுவடை முடிந்த செடியைப் பிடுங்காமல் தரையோடு வெட்டுங்கள். வேர் மட்கிய துளைகளில் நீரும் காற்றும் இறங்கும். வாடல் நோயோ வேரில் முடிச்சுகளை உண்டாக்கும் நுண்ணிய நூற்புழுவோ தாக்கிய செடியை மட்டும் வேரோடு அகற்றியே ஆக வேண்டும். நோயில்லாத தண்டு, இலைகளை நறுக்கி, சருகோடு 5 செ.மீ. கனத்துக்கு அங்கேயே பரப்புங்கள். புதிய நாற்றின் தண்டிலிருந்து நாலு விரல் தள்ளியே இருக்கட்டும், ஒட்டினால் தண்டு அழுகும். காய்ந்த சருகை மண்ணுக்குள் புதைக்க வேண்டாம்: அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனை எடுத்துக்கொள்வதால் நாற்று வெளிறிவிடும்.

ஒரு செடியையாவது பறிக்காமல் பூக்க விடுங்கள். அது தேனீக்களின் பங்கு.