ஆலயத்துக்குத் திரை வாங்கும் முன்: கடைசி வரிசையில் போய் உட்காருங்கள்

எங்கள் சபையில் முதல் புரொஜெக்டரை ஒரு சனிக்கிழமை இரவில் மாட்டிச் சோதித்தோம். படம் பளிச்சென்று இருந்தது. மறுநாள் காலை ஆராதனையில் ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்ததும் பாடல் வரிகள் திரையிலேயே கரைந்துபோயின. பின்வரிசையில் இருந்த வயதானவர்கள் பாட முடியாமல் நின்றார்கள். அந்தக் காட்சி இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் விலைப்பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, கடைசி வரிசையிலிருந்து இந்த விளக்கத்தைத் தொடங்குகிறேன்.

படி 1: அளவு நாடாவை எடுங்கள்

திரை வரப்போகும் சுவரிலிருந்து கடைசி இருக்கை வரை எத்தனை மீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். அதை 6-ஆல் வகுத்தால், படத்துக்கு வேண்டிய உயரம் கிடைக்கும். 18 மீட்டர் என்றால் 3 மீட்டர் உயரம். 16:9 வடிவத்தில் (அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு) அகலம் சுமார் 5.3 மீட்டர். இது பாடல் வரியையும் வேத வசனத்தையும் படிப்பதற்கான கணக்கு. வெறும் வீடியோ பார்க்க 8-ஆல் வகுத்தாலே போதும் என்பார்கள். ஆனால் ஆலயத்தில் படிப்பதுதான் முதல் வேலை, ஆகவே 6-ஐ விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. சபையார் பாடும்போது எழுந்து நிற்பார்கள். எனவே முன்னால் நாலு பேரை நிற்கவைத்து, பின்னாலிருந்து பார்த்து, திரையின் கீழ் விளிம்பு எங்கே வரவேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து பார்த்துக் குறித்தால் கடைசி வரி எப்போதும் தலைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். முன்வரிசையில் இருப்பவருக்குக் கழுத்து வலிக்காத உயரமாகவும் அது இருக்கவேண்டும். சிலுவையை மறைக்கும் இடத்தில் திரை வேண்டாம். ஒரே பெரிய திரைக்கு இடமில்லை என்றால் இரு பக்கமும் ஒவ்வொன்று வைக்கலாம், அல்லது ஆலயத்தின் பாதித் தூரத்தில் பின்வரிசைக்காரர்களுக்கென்று தனியாக டிவிகள் மாட்டலாம்.

படி 2: வெளிச்சத்தை அளந்து பாருங்கள்

பெரும்பாலோர் தவறவிடும் படி இதுதான். புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தைப் போட முடியாது. விளக்கும் வெயிலும் பட்ட வெள்ளைத் திரை எப்படி இருக்கிறதோ, அதுதான் உங்களுடைய கறுப்பு. அதனால் ஆராதனை நடக்கும் அதே நேரத்தில், எல்லா விளக்கும் எரியும்போது, திரை வரும் இடத்தில் எத்தனை லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம் விழுகிறது என்று பாருங்கள். லக்ஸ் மீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கைப்பேசியில் இருக்கும் செயலியே தோராயமாகச் சொல்லிவிடும்.

எழுத்து தெளிவாகத் தெரிய, திரையின் வெண்மை அந்தக் கறுப்பைப்போல் 15 மடங்காவது இருக்கவேண்டும். அளந்தது 50 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு பங்கை அறை வெளிச்சமே தந்துவிடும், மீதி 14 பங்கைப் புரொஜெக்டர் தரவேண்டும். அதாவது 700 லக்ஸ். நம் திரையின் பரப்பு 16 சதுர மீட்டர். 700-ஐ 16-ஆல் பெருக்கினால் 11,200 லூமன். லூமன் என்பது புரொஜெக்டர் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. இது பெரிய, விலை கூடிய புரொஜெக்டர்.

திரைக்கு மேலுள்ள விளக்குகளைத் திருப்பி வைத்து, ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை போட்டு, அந்த 50-ஐ 20 ஆகக் குறைத்துப் பாருங்கள். தேவை 4,480 லூமனாக இறங்கிவிடும். திரைச்சீலைக்குச் செலவழிக்கும் பணம் இப்படித் திரும்பி வருகிறது. நாளாக நாளாகப் புரொஜெக்டர் மங்கும் என்பதால், வரும் கணக்குக்கு மேல் கால் பங்கு கூட்டியே வாங்குங்கள்.

படி 3: டிவியா, புரொஜெக்டரா, எல்.இ.டி. சுவரா?

சிறிய ஆலயம் என்றால் டிவி போதும். 85 அங்குல டிவியின் உயரம் சுமார் 1.06 மீட்டர். நம் கணக்குப்படி 6 மீட்டர் தூரம் வரை எழுத்தைப் படிக்கலாம். வீட்டு டிவியைப் பொது இடத்தில் மாட்டினால் உத்தரவாதம் செல்லாமல் போகலாம், அதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த முடிகிற நடுத்தர ஆலயத்துக்குப் புரொஜெக்டர். விளக்கு வகையில் சில ஆயிரம் மணி நேரத்தில் பல்பு மாற்றவேண்டும். லேசர் வகை சுமார் 20,000 மணி நேரம் ஓடிய பிறகுதான் பாதி வெளிச்சத்துக்கு இறங்கும். என்னைக் கேட்டால் லேசர்தான். படம் கோணலாக விழுந்தால் மெனுவில் உள்ள கீஸ்டோன் வசதியால் சரிக்கட்டாதீர்கள், அது தெளிவைத் தின்றுவிடும். லென்ஸையே மேலும் கீழும் நகர்த்தும் லென்ஸ் ஷிப்ட் உள்ளதாகப் பாருங்கள். எங்கே தொங்கவிடுவது? பெட்டியில் எழுதியிருக்கும் த்ரோ ரேஷியோ (திரையின் அகலத்தைப்போல் எத்தனை மடங்கு தூரம் வேண்டும் என்ற எண்) 1.5 என்றால், திரையின் அகலமான 5.3 மீட்டரை 1.5-ஆல் பெருக்குங்கள். திரையிலிருந்து சுமார் 8 மீட்டர் தள்ளி.

வெயிலை மறைக்கவே முடியாத ஆலயத்துக்கு, தானே ஒளிரும் சின்னச் சின்ன விளக்குப் புள்ளிகளாலான எல்.இ.டி. சுவர்தான் சரி. அதில் புள்ளிக்குப் புள்ளி உள்ள இடைவெளியை பிட்ச் என்பார்கள். முன்வரிசை எத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கிறதோ, அத்தனை மில்லிமீட்டர் பிட்ச் போதும் என்பது பழகிய கணக்கு. ஆனால் அதை மட்டும் நம்பவேண்டாம். 3.9 மி.மீ. பிட்ச்சில் 5 மீட்டர் அகலச் சுவருக்கு 1,280 புள்ளிகள்தான் வரும். 2.6-இல் 1,920 வரும். தமிழ் எழுத்தின் சுழியும் மேலே வைக்கும் புள்ளியும் சிதையாமல் தெரிய எனக்கு இரண்டாவதுதான் மனசுக்கு நிம்மதி. ஆராதனையை நேரலையில் அனுப்புவீர்கள் என்றால் ரிப்ரெஷ் ரேட் (நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்ற எண்) 3,840 ஹெர்ட்ஸ் உள்ளதைக் கேளுங்கள். குறைந்தால் கேமராவில் கோடு கோடாக ஓடும். அதே உற்பத்தித் தொகுதியிலிருந்து சில உதிரிப் பலகைகளையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கினால் நிறம் ஒத்துப்போகாது.

படி 4: கேபிளும் கூரையும்

சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிள் 10 மீட்டரைத் தாண்டினால் படம் விட்டு விட்டு வர ஆரம்பிக்கலாம். கணினி பின்னால், திரை முன்னால் என்றால் நீண்ட தூரத்துக்குப் படத்தைக் கொண்டுபோகும் ஆப்டிகல் (ஒளியிழை) எச்.டி.எம்.ஐ. அல்லது எஸ்.டி.ஐ. கேபிளைக் கேளுங்கள். பாடகர் குழுவும் போதகரும் திரும்பிப் பார்க்காமல் வரிகளைப் படிக்க, எதிர்ச்சுவரில் ஒரு டிவிக்கும் இப்போதே கேபிள் இழுத்துவிடுங்கள்.

எல்.இ.டி. சுவர் சட்டத்தோடு சேர்த்தால் சில நூறு கிலோ இருக்கும். அதைக் கூரையிலோ சுவரிலோ தொங்கவிடும் முன் கட்டடப் பொறியாளர் வந்து பார்த்தே ஆகவேண்டும். கீழே குழந்தைகள் உட்காருவார்கள்.

படி 5: பணம் கொடுக்கும் முன்

விற்பவரிடம் ஒரு மாதிரியை ஆலயத்துக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். காலை ஆராதனை நேரத்தில், விளக்குகள் எல்லாம் எரியட்டும். அவர் காட்டும் பூ, அருவி வீடியோவெல்லாம் வேண்டாம், உங்கள் பாடலின் நான்கு வரியைப் போடச் சொல்லுங்கள். ஓபன்எல்பி என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். சபையில் பார்வை சற்று மங்கிய பெரியவர் ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறாமல் வாசித்து முடித்தால் முன்பணம் கொடுக்கலாம்.