வௌவாலுக்காக ஒரு பீர் மாலை: முதல் தடவை நடத்துபவர்களுக்கு

டெக்சாஸில் ஆஸ்டின் நகரத்துக் காங்கிரஸ் அவென்யூ பாலத்துக்கு அடியில் கோடையில் 15 லட்சம் வௌவால்கள் வரை தங்குகின்றன. 1980-இல் பாலத்தைப் புதுப்பித்தபோது கான்கிரீட்டுக்கு நடுவே விட்ட இடுக்குகள் அவற்றுக்கு வசதியாகப் போய்விட்டன. சாயங்காலம் அவை கிளம்பும் நேரத்தில் பாலத்தின் மேல் நிற்க இடம் கிடைக்காது. வேடிக்கை பார்க்கிற கூட்டத்திடமிருந்து வௌவாலுக்கென்று நாலு காசு வாங்க முடியுமா என்று யோசித்துத்தான் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து இந்தப் பீர் மாலை நிகழ்ச்சியை ஆரம்பித்தோம். இதுவரை இரண்டு முறை நடத்தியிருக்கிறோம்.

உள்ளூரில் காய்ச்சிய கிராஃப்ட் பீர், ஒரு இசைக்குழு, வாசலில் வசூல். பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். கறிச்சோற்றுக்குப் பதில் பீர், மொய் திரும்ப வராது, அவ்வளவுதான் வித்தியாசம்.

1. பணம் யாருக்கு, எதற்கு

பீர், பாட்டு எல்லாம் அப்புறம். முதலில் ஒரு அமைப்பைப் பிடியுங்கள். அது 501(சி)(3) பதிவு, அதாவது அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற பதிவு, உள்ள தொண்டு அமைப்பாக இருக்க வேண்டும். அமெரிக்க வருமான வரித்துறையின் (ஐஆர்எஸ்) தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் தெரிந்துவிடும். பணம் நேராக அவர்கள் கணக்குக்கே போகட்டும். உங்கள் சொந்தக் கணக்கில் வசூலித்துப் பிறகு அனுப்பலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வரிக் காலத்தில் தலைவலி.

அடுத்தது, எதற்கு என்பதைக் கைக்கு அடக்கமாகச் சொல்லுங்கள். ‘வனவிலங்குப் பாதுகாப்பு’ என்று எழுதினால் எல்லாரும் தலையாட்டுவார்கள், பர்ஸ் திறக்காது. 2022 டிசம்பர் குளிரில் ஹூஸ்டன் பாலத்திலிருந்து வௌவால்கள் விறைத்துக் கீழே விழுந்தன. வனவிலங்கு மீட்பகத்துக்காரர்கள் ஆயிரத்துக்கும் மேல் பொறுக்கியெடுத்து, கதகதப்பில் வைத்து, நீர் ஏற்றிப் பிழைக்க வைத்து, திரும்பப் பறக்கவிட்டார்கள். ஒவ்வொன்றும் சுமார் 12 கிராம்தான் இருக்கும். இதைச் சொல்லி, “அடுத்த குளிருக்கு ஒரு இன்குபேட்டர் வாங்க வேண்டும்” என்று கேட்டுப் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்த பெரிய தொகைகள் எல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான் வந்தன.

2. இடம்

சொந்தமாக மண்டபம் பிடித்து பீர் வாங்கி ஊற்றினால் மாநில மதுபான ஆணையத்திடம் தற்காலிக அனுமதி, காப்பீடு, அடையாள அட்டை பார்க்க ஆள் என்று இழுத்துக்கொண்டே போகும். ஆரம்பக்காரர்களுக்கு அது வேண்டாம். ஏதாவது ஒரு ப்ரூவரியின் (பீர் காய்ச்சும் இடம்) டேப்ரூமிலேயே, அதாவது அங்கேயே பீர் ஊற்றிக் கொடுக்கும் கூடத்திலேயே, நடத்துங்கள். உரிமம் அவர்களுடையது, 21 வயது ஆனவரா என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. வௌவால் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் தலைகீழாகத்தான் தொங்க வேண்டும்: வெளிச் சாப்பாடு கூடாது என்றால் கூடாது.

சனிக்கிழமை கேட்காதீர்கள், அன்றைக்கு அவர்களுக்கே கூட்டம். செவ்வாய் அல்லது புதன் கேளுங்கள். காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்கும் மேலாளர் உடனே சரி என்பார்.

3. பீர்க் கணக்கு

இங்கேதான் முதல் வருஷம் நாங்கள் ஏமாந்தோம். “லாபத்தில் 20 சதவீதம் தருகிறோம்” என்று ப்ரூவரிக்காரர் சொன்னதும் குஷியாகத் தலையாட்டிவிட்டோம். லாபம் என்றால் எது? சம்பளம், மின்சாரம், வாடகை எல்லாம் போக மிச்சமா? மாதம் கழித்து வந்த காசோலையில் 61 டாலர் இருந்தது. அவர்மேல் தப்பில்லை, நாங்கள்தான் கேட்கவில்லை. இப்போதெல்லாம் ‘ஒரு பைண்டுக்கு (அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான கிளாஸ்) ஒரு டாலர்’ என்று எழுத்தில் வாங்கிக்கொள்கிறோம். பில் மிஷினில் எத்தனை பைண்ட் விற்றது என்று அன்றிரவே தெரிந்துவிடும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். பெரிய கெக் (பீர் பீப்பாய்) ஒன்றில் 15.5 கேலன், அதாவது கிட்டத்தட்ட 59 லிட்டர். காகிதத்தில் 124 பைண்ட், நுரையும் சிந்தலும் போக அதைவிடக் குறைவு. 120 பேர் ஆளுக்கு இரண்டு குடித்தாலும் பீரிலிருந்து வருவது 240 டாலர்தான். ஆகவே பீர் என்பது ஆட்களை வரவழைக்க. நுழைவுச்சீட்டும் ஏலமும்தான் வசூல்.

சீட்டில் நான்கு சின்ன மாதிரிக் கிளாஸ்களைச் சேர்த்துவிடுங்கள். லேசானதில் தொடங்கி அடர்த்தியானதில் முடியட்டும்: பில்ஸ்னர், கோதுமை பீர், ஐபிஏ, கடைசியாக ஸ்டவுட். கசப்பான ஐபிஏயை முதலில் கொடுத்தால் அதற்குப் பின் வரும் எதுவும் தண்ணீர் மாதிரி இருக்கும். குடிக்காதவர்களுக்கும், வண்டி ஓட்ட வேண்டியவர்களுக்கும் ரூட் பீர் வையுங்கள், அது வெறும் சோடாதான்.

4. சீட்டு, ரசீது, ஏலம்

சீட்டு 40 டாலர், அதில் பீரும் தீனியும் 25 டாலர் பெறும் என்றால், வரிக்கணக்கில் நன்கொடை 15 மட்டுமே. சீட்டு 75 டாலரைத் தாண்டினால் இந்தப் பிரிப்பை அமைப்பு எழுத்திலேயே தர வேண்டும். வாசலில் பழக்கமானவரை உட்கார வையுங்கள். கியூஆர் அட்டை மேசைக்கு ஒன்று, கூடவே ஒரு உண்டியல். சில்லறை நீட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

குலுக்கல் சீட்டு வேண்டாம். டெக்சாஸில் தகுதியுள்ள அமைப்பு விதிப்படி நடத்தாவிட்டால் அது சூதாட்டம். அதற்குப் பதில் காகித ஏலம்: பொருளுக்கு முன்னால் ஒரு தாள், விரும்புகிறவர்கள் தொகையை எழுதிக்கொண்டே போகலாம். நாங்கள் வைத்ததில் அதிகம் போனது, மரத்தில் செய்த வௌவால் கூடு ஒன்று.

5. இசை

இசைக்குழுவை இலவசமாகக் கேட்காதீர்கள். ‘நல்ல காரியம்தானே’ என்று எல்லாரும் கேட்டுக் கேட்டு அவர்களுக்குச் சலித்துவிட்டது. குறைந்த தொகை பேசுங்கள், ஆனால் கொடுங்கள். மற்றவர் பாட்டுகளைப் பாடுவதற்கான உரிமக் கட்டணத்தைப் பெரும்பாலும் டேப்ரூமே கட்டியிருக்கும். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மீட்பகத்துக்காரர் பேசும்போது வாத்தியம் சுத்தமாக நிற்க வேண்டும். முதல் வருஷம் டிரம்மர் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தார், பாவம் அந்தப் பெண் கத்திக்கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. ஐந்தே நிமிஷம், கையில் மைக், பின்னால் பெரிய படம். உயிருள்ள வௌவாலைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். கூட்டமும் சத்தமும் அதற்கு ஆகாது, ரேபிஸ் பயமும் உண்டு.

6. நேரம்

ஆகஸ்ட்தான் சரியான மாதம். ஜூனில் பிறந்த குட்டிகள் அதற்குள் பறக்கத் தொடங்கியிருக்கும், கூட்டம் இரட்டிப்பாகத் தெரியும். அப்போது சூரியன் மறைய எட்டு மணி தாண்டிவிடும். ஐந்துக்குத் தொடங்கி ஏழேகாலுக்குக் கடைசிப் பாட்டு. அதற்குப் பிறகு எல்லாரையும் பாலத்துக்கு நடத்திக்கொண்டு போங்கள். எங்கள் டேப்ரூமிலிருந்து இருபது நிமிஷ நடை. ஒரு கேன் தண்ணீரைத் தள்ளுவண்டியில் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்திலும் வெயில் முகத்தில் அறையும்.

முதலில் அம்மோனியா நெடி வரும். பிறகு இடுக்குக்குள் கீச்சொலி. அப்புறம் ஒன்றிரண்டு, பத்து, திடீரென்று புகைபோல ஒரு நாடா கிழக்கே நீளும். கையில் உண்டியல் வைத்திருப்பவர் இந்த நேரத்தில் சுற்றி வந்தால், சீட்டே வாங்காதவர்கள்கூடப் போடுவார்கள்.

பாலத்துக்கு அடியில் நின்று பார்க்க விரும்புகிறவர்களைத் தொப்பி கொண்டுவரச் சொல்லுங்கள். மேலேயிருந்து சொட்டுவது மழை இல்லை.