வேலை மெயிலில் புலம்பாதீர்கள்

நூலகத்தில், வாசகர்கள் சந்தேகம் கேட்க வரும் ரெஃபரன்ஸ் டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். எதிரே வந்து நிற்பவர் என் தோளைத் தாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டே, "லைப்ரரியன் இல்லையா?" என்று கேட்பார். இதை வெள்ளைக்காரச் சக ஊழியரிடம் சொன்னால், "அவர் அந்த அர்த்தத்தில் கேட்டிருக்க மாட்டார்" என்று சமாதானம் வரும். இன்னொரு கறுப்பின நூலகரிடமோ மெக்சிக நூலகரிடமோ சொன்னால், சிரித்துவிட்டுத் தன் கதை இரண்டை எடுத்து விடுவார். அந்தச் சிரிப்புக்காகத்தான் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ஜூம் வட்டம் நடத்துகிறோம். தமிழ் நான் மட்டும்தான். அமெரிக்க நூலகங்களில் நம்மைப் போல வேலை பார்ப்பவர்கள் இப்படி ஒன்று தொடங்க நினைத்தால், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது உதவும்.

ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. கறுப்பின நூலகர்களின் சங்கம் 1970-லிருந்து இருக்கிறது, லத்தீன் மக்களுக்கான ரிஃபார்மா 1971-லிருந்து, நமக்கான ஆசிய பசிபிக் அமெரிக்க நூலகர் சங்கம் 1980-லிருந்து. நாங்கள் முதலில் பேசிக்கொண்டது 2018-ல் ஆல்பகர்க்கியில், வெள்ளையரல்லாத நூலகர்களின் கூட்டு மாநாட்டில், காபி வரிசையில் நின்றபோது. மாநாட்டுக்குப் போகக் காசோ விடுப்போ இல்லையென்றால், இந்தச் சங்கங்களின் ஏதாவது ஒரு கமிட்டியில் சேருங்கள். சேர்ந்து இரண்டு வேலை செய்தால் யார் எப்படி என்று தெரிந்துவிடும்.

ஐந்து பேர், மிஞ்சினால் ஆறு. ஒருமுறை ஆசைப்பட்டு பதினான்கு வரை சேர்த்தோம்; எல்லோரும் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்கள், அதோடு வட்டம் செத்தது. ஒரே நூலகத்தில் இருவர் வேண்டாம். ஒருவர் இன்னொருவருக்கு மேலதிகாரியாக இருக்கவே கூடாது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். அரசுப் பல்கலைக்கழகமோ நகர நூலகமோ என்றால், உங்கள் அலுவலக மெயில் அந்த மாநிலத்தின் பொது ஆவணச் சட்டத்துக்குள் வரலாம். யாராவது மனுப் போட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். எங்களில் ஒருத்தி, மதிய இடைவேளையில் அலுவலகக் கணக்கிலிருந்தே தன் துறைத் தலைவரைப் பற்றி நாலு வரி எழுதினாள். ஏதோ ஒரு புத்தகத்தை நூலகத்திலிருந்து நீக்கச் சொன்ன தகராறில் யாரோ ஆவணம் கேட்க, தேடியதில் அந்த நாலு வரியும் மாட்டியது. அன்றிலிருந்து சொந்த ஃபோன், சொந்த மெயில், வீட்டு வைஃபை. அலுவலக லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வருபவரைத் திருப்பி அனுப்புவோம்.

கூட்டங்களுக்கு இடையில் பேச சிக்னல் செயலி. செய்திகள் ஒரு வாரத்தில் தானாக அழிகிற மாதிரி வைத்திருக்கிறோம். ஆனால் புலம்பல் வேறு, சாட்சியம் வேறு. நடந்ததை அன்றே தேதி, நேரம், சொன்ன வார்த்தை, உடனிருந்தவர்கள் என்று வீட்டு நோட்டில் எழுதுங்கள். வேலையில் காட்டும் பாகுபாடு பற்றிக் கூட்டாட்சி அரசின் சமவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுக்க, நடந்த நாளிலிருந்து பொதுவாக 180 நாள்தான். மாநிலத்தில் அதற்கான அமைப்பு இருந்தால் 300 வரை நீளும். "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்" என்று நல்லெண்ணத்தில் சொல்லியே நாங்கள் ஒருவருக்கு அந்த நாட்களைத் தின்றுவிட்டோம். புகார் கொடுத்த பிறகோ, கொடுக்க முடிவு செய்த பிறகோ எந்தச் செய்தியையும் அழிக்காதீர்கள்.

கூட்டம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும், அது நல்லதுதான். ஆளுக்கு ஆறு நிமிடம், மிச்சம் பத்து. பேசத் தொடங்குபவரிடம் ஒரே கேள்வி: "கேட்டால் போதுமா, யோசனை வேண்டுமா?" நூலகர்கள் நாம், கேள்வி கேட்டால் விடை தேடிக் கொடுத்தே பழகியவர்கள். வாயை மூடிக்கொண்டு கேட்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. நேரத்தையும் பார்த்து வையுங்கள். கிழக்குக் கரையில் இரவு எட்டு என்றால் மேற்கே மாலை ஐந்து. எங்கள் சியாட்டில் தோழி பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்துதான் பேசுவாள்.

சுய பராமரிப்பு என்றதும் மெழுகுவர்த்தியும் யோகா பாயும் நினைவுக்கு வந்தால், எனக்கும் அதே எரிச்சல்தான். நூலக வேலையைப் புனிதத் தொண்டாக்கிவிட்டால் ஓய்வு கேட்பதே குற்றம்போல ஆகிவிடுகிறது என்பதை 2018-ல் ஃபொபாஸி எட்டார் என்ற நூலகர் எழுதிக் காட்டினார். அதைப் படித்த பிறகு எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் வந்தது: இந்த இரண்டு வாரத்தில் எதற்கு "முடியாது" சொன்னேன் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். டைவர்சிட்டி கமிட்டிக்குக் கூப்பிட்டால் சொல்ல ஒரு வாக்கியம் கைவசம் வைத்திருக்கிறோம்: "சரி, இதற்குப் பதிலாக என் வேலையில் எதைக் குறைப்பீர்கள்?" பாதி அழைப்புகள் அங்கேயே நின்றுவிடும். டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதியையும் குழுவில் போட்டுவிடுவோம். போட்டபின் தள்ளிப்போட வெட்கமாக இருக்கும்.

வட்டம் வைத்தியம் இல்லை. தூக்கமே இல்லை, சாக வேண்டும்போல இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஆறு நிமிடக் கணக்கு கிடையாது. தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ அழைக்கச் சொல்லி, அவர் பேசி முடிக்கும்வரை ஒருவர் கூடவே இருப்போம்.

இரண்டு கூட்டத்துக்கு ஒருவர் வராவிட்டால் "என்ன ஆச்சு?" என்று கேட்பதில்லை. அதற்குப் பதில் எழுதுவதே அவருக்கு இன்னொரு வேலை. "பதில் வேண்டாம், ஒரு புள்ளி மட்டும் போடு" என்று அனுப்புவோம். போன மாதம் நான் போட்ட புள்ளிக்கு நாலு பேரும் நாலு புள்ளி போட்டார்கள்.